அன்னத்தின் இறகும் அம்மாவின் கன்னமும்

திருவனந்தபுரம் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால், "பத்மநாப ஸ்வாமி தரிசனம் நல்லபடியா ஆச்சா? நேந்திரங்காய் வறுவல் வாங்கினீங்களா?" என்றுதான் நாம் கேட்போம். சாலைக் கடைத்தெருவில் ஒரு கசவுப் புடவை, கோவளத்தில் கால் நனைத்தல், இத்தோடு பெரும்பாலும் நம் பயணம் முடிந்துவிடும். குழந்தைகள் கூட வந்தால் மிருகக்காட்சி சாலையும் உண்டு. அந்த மிருகக்காட்சி சாலை இருக்கும் அதே வளாகத்தில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. புலியையும் நீர்யானையையும் பார்த்த களைப்பில், பலரும் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ராஜா ரவி வர்மாவின் தைல வண்ண ஓவியங்களைத்தான் சொல்கிறேன்.

நம் பூஜை அறைகளில் தாமரை மேல் நிற்கும் லட்சுமியும், வீணையோடு அமர்ந்த சரஸ்வதியும் இந்த உருவத்தில் நமக்குப் பழகிப் போனதற்கு அவரும் ஒரு முக்கிய காரணம். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்துதான் அந்தப் படங்கள் வீடு வீடாகப் போயின. ஆனால் சகோதரிகளே, அச்சுப் படம் வேறு. அவர் பிரஷ் பிடித்து வரைந்த மூலப் படம் வேறு. பாக்கெட்டில் வாங்கிய பொடியில் போட்ட காப்பிக்கும், வீட்டில் வறுத்து அரைத்து இறக்கிய டிகாக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

நான் போனது வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. கொஞ்ச நாளாகவே தீராத ஒரு சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் 2024 டிசம்பரில் கிளம்பினேன்.

ஓரம்தான் சிக்கல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு டிராயிங் டீச்சர் இருக்கிறார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டும் கல்லூரிக்குப் போன பிறகு, மத்தியானம் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அவரிடம் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சீட்டுப் பணம் எடுத்ததில் கலர் ட்யூப்களும் பிரஷ்களும் வாங்கினேன். "நாற்பத்தஞ்சு வயசுல இதென்ன புதுசா?" என்று என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே கான்வாஸ் மாட்ட ஒரு பழைய மனையை அறுத்துச் சட்டம் செய்து கொடுத்தார்.

ஆப்பிளும் குடமும் வரைந்து பழகிய பிறகு, டீச்சர் கேட்டார்: "அடுத்தது என்ன வரையப் போறீங்க?"

"எங்க அம்மாவை" என்றேன்.

அம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் போட்டோ என்றாலே வெட்கம். காமிராவைக் கண்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள். இருப்பது ஒரே ஒரு போட்டோ. என் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. இருபத்திரண்டு பேர் நிற்கும் வரிசையில், இரண்டாவது வரிசையில், கொட்டைப்பாக்கு அளவு முகம். அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிட்டது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு, எங்களோடுதான் இருக்கிறார். கண்புரைக்கு ஆபரேஷன் ஆகியும், அந்தச் சின்ன முகத்தை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. தினமும் காலையில் போட்டோவைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அதனால்தான் அம்மா முகத்தைப் பெரிதாக, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை.

கண், மூக்கு, மூக்குத்தி எல்லாம் வந்தன. ஆனால் கன்னம் திரும்பிக் காதுப் பக்கம் போகிற இடம் மட்டும் வெட்டி வைத்த மாதிரியே இருந்தது. வெளிச்சமான நிறம் ஒரு பக்கம், நிழல் நிறம் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு! தேய்த்துக் கலந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே மண் நிறமாகிவிடும். அப்பா அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "முகம் அவதாம்மா. ஆனா கூப்பிட்டாத் திரும்ப மாட்டா போல இருக்கே" என்றார்.

டீச்சர் சொன்னார்: "மென்மையா நிறத்தைக் கலக்கிறது வாயால சொல்லி வராது. ஒரு தரம் திருவனந்தபுரம் போய் ரவி வர்மா படத்தை நேர்ல பாத்துட்டு வாங்க. நான் பத்து வகுப்பு எடுக்கிறதைவிட அது மேல்."

ரயிலிலேயே முதல் பாடம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாக ரயில். மகளும் கூட வந்தாள். ஆரல்வாய்மொழிப் பக்கம் வரும்போது விடிந்துகொண்டிருந்தது. காற்றாலைகளுக்குப் பின்னால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பக்கத்து மலை கரும்பச்சை. அதற்குப் பின்னால் இருப்பது நீலம். அதற்கும் பின்னால் இருப்பது, விபூதி பூசியது போல் வெளிறிய சாம்பல். கடைசி மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியவில்லை.

தூரம் போகப் போக, நடுவில் இருக்கும் காற்றிலுள்ள ஈரமும் தூசும் வெளிச்சத்தைச் சிதற அடிப்பதால் நிறம் வெளிறி ஓரம் கரைகிறது என்று டீச்சர் சொல்லியிருந்தார். "எல்லா ஓரத்தையும் ஒரே மாதிரி கூர்மையா வரைஞ்சா, எல்லாம் ஒரே தூரத்துல ஒட்டின மாதிரி ஆயிடும்" என்பார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது எனக்கு முழுசாகப் புரிந்தது. குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தோம். கரமனையில் என் நாத்தனார் வீடு. இட்லியும் சாம்பாரும் தயாராக வைத்திருந்தார்.

"படம் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தே? நான் இங்க இருபது வருஷமா இருக்கேன், ஒரு நாளும் உள்ள போனதில்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

"இன்னைக்கு வாங்க மதினி, சேர்ந்தே போவோம்" என்று அவரையும் கிளப்பிவிட்டேன்.

மரங்களுக்கு நடுவே ஒரு வளாகம்

மியூசியம் வளாகத்துக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய மரங்கள்! நடுவில் செக்கச் செவேலென்று, கேரளக் கூரையும் கோபுரமுமாக நிற்பது நேப்பியர் மியூசியம். 1880-ல் கட்டி முடித்தது. கட்டியவர் சிஸம் என்ற ஆங்கிலேயர். நம் சென்னையில் கடற்கரைச் சாலையில் இருக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் அவர் கட்டியதுதான். உள்ளே வெண்கலச் சிலைகள், மரச் சிற்பங்கள் உண்டு.

அதே வளாகத்தில்தான் 1935-ல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம். ரவி வர்மாவின் படங்கள் பல காலமாக அங்கேதான் இருந்தன. 2023-ல் அவருக்கென்றே அந்த வளாகத்தில் தனிக் கூடம் திறந்து, அவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் படங்களைக் கெடுக்காமல் அளவாக விழுகிறது. வெளியே வெயிலில் நடந்துவிட்டு உள்ளே போனால் கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். அவசரப்படாமல் வாசலிலேயே சற்று நில்லுங்கள்.

சகுந்தலை படத்தை நீங்களும் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். காலில் முள் குத்தியதைப் பார்ப்பதுபோல் நின்று, துஷ்யந்தன் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கிறாள். தோழிகளுக்கு அவள் சாமர்த்தியம் தெரியாதா என்ன! அந்தத் திரும்பிய கழுத்தைத்தான் நான் வெகு நேரம் பார்த்தேன். கன்னத்து வெளிச்சம் கழுத்து நிழலுக்குள் இறங்குகிற இடத்தில் கோடே இல்லை. பக்கத்தில் போனால் மூன்று நான்கு நிறங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. நாலடி பின்னால் வந்தால் அவை மறைந்து சதையாகிவிடுகின்றன.

அடுத்தது தமயந்தி. சிவப்புப் புடவையில் நிற்கிறாள், நளனைப் பற்றிச் சொல்ல வந்த அன்னத்தைப் பார்த்தபடி. அந்த அன்னம் வெள்ளைதானே, வெள்ளைக் கலரைப் பூசினால் ஆயிற்று என்று நினைப்போம். உற்றுப் பார்த்தால் வெள்ளைக்குள் மஞ்சள் உண்டு, நீலம் உண்டு, சாம்பல் உண்டு. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி இறகு வழுவழுவென்று இருக்கிறது.

அங்கே ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி தரையில் உட்கார்ந்து பென்சிலால் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். மலையாளமும் தமிழும் கலந்து அருமையாகச் சொன்னாள்: "சேச்சி, கண்ணைப் பாதி மூடிட்டுப் பாருங்க. எது கரைஞ்சு போகுதோ, அது மென்மையான ஓரம். எது அப்பவும் நிக்குதோ, அது கூர்மையான ஓரம்."

பாதிக் கண்ணை மூடிப் பார்த்தேன். என்ன ஆச்சரியம்! கன்னம், தோள், தூரத்து மரம் எல்லாம் கரைந்தன. நகையின் விளிம்பும் புடவைக் கரையும் கண்ணின் கருமணியும் மட்டும் நின்றன. எல்லாவற்றையும் மென்மையாக்கினால் படம் பனி மூடியது போல் ஆகிவிடும். கூர்மையாக நிற்பவை நாலு இருப்பதால்தான் மற்றவை மென்மையாகத் தெரிகின்றன. இதுதான் நான் தேடி வந்த விஷயம்!

மதினியும் பாதிக் கண்ணோடு பார்த்துவிட்டு, "எனக்கு ஓரம் கீரமெல்லாம் தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு மூச்சு விடறா" என்றார். அதைவிட வேறென்ன சொல்ல முடியும்?

ஜன்னல் வழியே கற்றவர்

ரவி வர்மாவுக்கும் இந்த வித்தை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். பதினாலு வயதில், 1862-ல், மாமாவோடு திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே தைல வண்ணம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். நம் ஊர் மனிதர்! ஆனால் அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவு நேரத்தில் ரகசியமாக வந்து சொல்லிக் கொடுத்தார் என்று ரவி வர்மாவின் சரித்திரத்தில் சொல்கிறார்கள். பிறகு 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கிவிட்டார்.

நம் அம்மாக்கள் யாரும் நமக்கு ரசம் வைக்க 'கிளாஸ்' எடுத்தார்களா? பக்கத்தில் நின்று பார்த்துத்தானே கற்றோம்!

இன்னொரு செய்தியும் நமக்கு முக்கியம். ரவி வர்மாவின் தம்பி ராஜ ராஜ வர்மாவும் ஓவியர். அண்ணன் படங்களுக்குத் துணையாக வரைந்தவர். தங்கை மங்கள பாய் தம்புராட்டியும் தைல வண்ணத்தில் வரைந்தவர்தான். அண்ணனின் உருவத்தையே வரைந்திருக்கிறார். பெண்கள் அரண்மனைக்குள்ளேயே இருந்த காலத்தில், மாதிரிக்கு ஆளைத் தேடி வெளியே போக முடியாத நிலையில், வீட்டு மனிதர்களைப் பார்த்து வரைந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். நானும் வீட்டு முகத்தைத்தானே வரைகிறேன்!

இந்த மென்மைக்கு ஆதி எது என்று பார்த்தால் இத்தாலிக்குப் போக வேண்டும். லியோனார்டோ டா வின்சி இதில் கைதேர்ந்தவர். புகை என்ற அர்த்தம் வரும் இத்தாலியச் சொல்லிலிருந்து 'ஸ்ஃபுமாட்டோ' என்று இதற்குப் பெயர். பாரிஸில் இருக்கும் மோனா லிஸாவின் உதட்டோரம் இப்படித்தான் புகையாகக் கரைகிறது. 2010-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் லூவர் மியூசியத்திலுள்ள அவருடைய ஏழு படங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தார்கள். கண்ணாடி போல மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருக்கிறார். அத்தனை பூச்சும் சேர்ந்தே 30, 40 மைக்ரான்தான் என்று தெரிந்தது. நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு! பொறுமைக்கு வேறு அளவுகோல் வேண்டுமா?

சங்குமுகத்து வானம்

சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். சூரியன் கடலில் இறங்குகிற நேரம். கீழே ஆரஞ்சு, மேலே நீலம். பேலட்டில் ஆரஞ்சையும் நீலத்தையும் கலந்தால் சேறு மாதிரி ஆகிவிடும். வானத்தில் மட்டும் எப்படி ஆகவில்லை? மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "அம்மா, ரெண்டும் எங்கயும் நேரா தொடலை பாருங்க. நடுவுல ஒரு வெளிர் மஞ்சளும், லேசா ரோஜா நிறமும் இருக்கு."

ஆமாம்! இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு நிறம் இருக்கிறது. சண்டைக்காரச் சம்பந்திகளுக்கு நடுவில் ஒரு நல்ல அத்தை உட்கார்ந்திருப்பது போல. அம்மாவின் கன்னத்துக்கும் அதுதானே வேண்டும்? வெளிச்சத்தையும் நிழலையும் நேராக இடிக்க விடாமல், இடையில் இரண்டு மூன்று நிறங்கள்.

இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வறுத்த கடலை தீர்ந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டில் செய்து பார்த்த முறை

கற்றுக்கொள்ள ஆசைப்படும் சகோதரிகளுக்காக, நான் இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன்.

தைல வண்ணத்தில் நிறப்பொடியைச் சேர்த்துப் பிடித்து வைப்பது ஆளிவிதை எண்ணெய். தண்ணீர் போல் ஆவியாகி அது காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் ஆகும். அதனால்தான் குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு எழுந்து போய்விட்டு வந்தாலும் கலர் ஈரமாகக் காத்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற கலை!

முதலில் பேலட்டிலேயே நிறங்களை வரிசையாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தோலுக்கு பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், டைட்டானியம் வெள்ளை மூன்றும் அடிப்படை. நம் செங்காவியும் மஞ்சள் காவியும் போலத்தான் முதல் இரண்டும். நிழலுக்கு வெள்ளையைக் குறைத்து, துளி அல்ட்ரமரீன் நீலம். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே குறைந்தது மூன்று படிகள் வேண்டும்.

இந்த ஐந்தையும் பக்கத்துப் பக்கத்தில், ஓரம் ஓரத்தைத் தொடும்படி மெல்லப் பூசுங்கள். கலர் அதிகம் அப்பியிருந்தால் கலக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

பிறகு எண்ணெயோ டர்பன்டைனோ தொடாத, காய்ந்த மிருதுவான பிரஷ் ஒன்று. விசிறி மாதிரி விரிந்த பிரஷ் இருந்தால் நல்லது. இரண்டு நிறம் சேரும் கோட்டின் மேல் மட்டும், தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி, குறுக்கும் மறுக்குமாக லேசாக இழுக்க வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் பழந்துணியில் பிரஷைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிழல் நிறம் வெளிச்சத்துக்குள் போய் அழுக்காக்கிவிடும். கடைசியில் ஒரு தரம், கன்னத்தின் வளைவோடு கூடவே மெல்லத் தடவி, பிரஷ் கோடுகள் தெரியாமல் செய்யலாம்.

நிறுத்தத் தெரிவதுதான் பெரிய வித்தை. பாலில் டிகாக்‌ஷன் விழுந்ததும் சுருள் சுருளாக ஓடுமே, அந்த அழகு இரண்டு ஆற்று ஆற்றினால் போய்விடும். ஓவியத்திலும் அப்படித்தான். கோடு மறைந்ததும் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, இன்னும் ஆழம் வேண்டுமென்றால், எண்ணெய் சற்று அதிகம் சேர்த்த மெல்லிய நிறத்தை மேலே ஒரு பூச்சாகக் கொடுக்கலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மாறிப் போனால் அடி காயும் முன் மேல் காய்ந்து, வருஷம் போனால் வெடிப்பு விடும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

குழந்தைகள் உள்ள வீடு என்றால் சில எச்சரிக்கைகள் அவசியம். டர்பன்டைன் வாடை தலைவலியும் மயக்கமும் தரும். ஜன்னல்களைத் திறந்து வைத்துத்தான் வரைய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. எண்ணெயாலும் சோப்பாலும் பிரஷைச் சுத்தம் செய்யலாம். டர்பன்டைனைக் குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவியலாகப் போடாதீர்கள். இறுகும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள். வெள்ளைக் கலர் வாங்கும்போது ஈயம் கலந்தது வேண்டாம். டைட்டானியம் வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள். கையில் ஒட்டிய கலருக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். சாதம் பிசைகிற கை அல்லவா!

அப்பா பார்த்தார்

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவின் கன்னத்தை மறுபடி எடுத்துக்கொண்டேன். ஐந்து நிறமும் கலந்து வைத்து, நாலு மத்தியானம் உட்கார்ந்தேன். காதோரமும் கழுத்தும் கரைந்து பின்னால் போயின. மூக்குத்தியின் ஒரு புள்ளி, கண்ணின் ஒரு புள்ளி, இரண்டை மட்டும் கூர்மையாக நிறுத்தினேன்.

காய்ந்த பிறகு அப்பாவின் நாற்காலிக்கு எதிரே சுவரில் என் வீட்டுக்காரர் ஆணி அடித்து மாட்டினார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இப்பம் கூப்பிட்டாத் திரும்புவா" என்றார்.

அந்தக் கொட்டைப்பாக்கு முகத்துப் போட்டோவை அதற்குப் பிறகு அவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பதில்லை. பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டார்.

திருவனந்தபுரம் போகிறவர்கள் ஒரு அரை நாளை இந்தக் கூடத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். படங்களைத் தொடக்கூடாது என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். பாதிக் கண்ணை மூடிப் பார்க்கும் அந்த வித்தையையும் சொல்லிக் கொடுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். நேரம் இருந்தால் அன்று மாலையே சங்குமுகத்துக்கும் போய், ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் நடுவில் என்ன நிறம் இருக்கிறது என்று தேடுங்கள். நேந்திரங்காய் வறுவலை ரயில் ஏறும்முன் வாங்கிக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப் போகாது!